தகட்டின் மீது போட்ட பழி

"அண்ணா, இந்த பிளேட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஸ்லைடை மில் பண்ணக் கொடுத்துடுங்க. பிளேட் வெச்சா இப்படித்தான் ஆகும்."

டெக்ஸஸில் நான் போகும் ரேஞ்சில், பக்கத்து லேனில் நின்ற தம்பி என் இலக்குத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை இது. முதல் நூறு குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. முந்நூறைத் தாண்டியதும் அவை இடப்பக்கம் கீழே இறங்கிப் பரவிவிட்டன. என் கை அப்படியேதான் இருந்தது. ரெட் டாட் தான் நகர்ந்திருந்தது. தம்பி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். துப்பாக்கிக் கடை கவுன்ட்டரில் கேட்டாலும், பயிற்சி வகுப்பில் கேட்டாலும் இன்று இதே பதில்தான் வருகிறது: கைத்துப்பாக்கியில் ரெட் டாட் வேண்டுமென்றால் ஸ்லைடைக் குடைந்து நேரடியாக உட்கார வை, அடாப்டர் பிளேட்டை நம்பாதே.

இந்தத் தீர்ப்பு தவறு. கேட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்வதால் மட்டுமே நிலைத்திருக்கும் தீர்ப்பு இது. இதை நம்பி நல்ல ஸ்லைடுகளைக் கொண்டுபோய் வெட்டுகிறார்கள். வெட்டிய இரும்பு திரும்ப வராது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரெட் டாட் என்பது துப்பாக்கியின் மேல் அமரும் சிறு கண்ணாடிச் சட்டம். பின்னாலிருந்து ஒரு எல்.இ.டி. விளக்கு கண்ணாடியில் சிவப்புப் புள்ளியாகத் தெறிக்கும். முன்காட்சி, பின்காட்சி, இலக்கு என்று மூன்றையும் கண்ணால் ஒரே கோட்டில் கொண்டுவரும் வேலை இல்லை. இலக்கைப் பார்த்தபடியே புள்ளியை அதன்மேல் வைத்தால் போதும். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இதற்கு அனுமதி கிடையாது. ஓடியும் நின்றும் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் 1990லேயே இது வென்று காட்டிவிட்டது. அந்த ஆண்டு அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் ரெட் டாட் வைத்த துப்பாக்கியோடு பட்டம் வென்றார். அந்தக் காலத்தில் கருவியைத் தாங்கும் சட்டத்தை அசையாத கீழ்ப்பகுதியில் பூட்டினார்கள். பின்னர் கருவி சிறுத்தது. 2009ல் டிரிஜிகானின் ஆர்.எம்.ஆர். வந்தபோது, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் பாய்கிற ஸ்லைடின் மேலேயே அதை உட்கார வைக்க முடிந்தது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

ஸ்லைடில் உட்கார வைக்க இரண்டு வழிகள். ஒன்று, ஒரு குறிப்பிட்ட ரெட் டாட்டின் அளவுக்கு ஸ்லைடில் பள்ளம் வெட்டி, மறை போட்டு, நேராகத் திருகுவது. மற்றது, தொழிற்சாலையே பொதுவான ஒரு பள்ளம் வெட்டித் தர, அதில் அந்தந்தக் கருவிக்கு ஏற்ற தகட்டை, அதாவது அடாப்டர் பிளேட்டை வைத்து, தகட்டின் மேல் கருவியைத் திருகுவது. கிளாக் நிறுவனம் 2015ல் எம்.ஓ.எஸ். என்ற பெயரில் நான்கு தகடுகளோடு விற்கத் தொடங்கிய பிறகு இந்த இரண்டாவது வழி பரவலானது. பழியும் அப்போதே ஒட்டிக்கொண்டது.

குற்றச்சாட்டுகளில் முதலாவது உயரம். தகடு இருந்தால் கருவி உயர்ந்துவிடும், குண்டு போகும் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடைவெளி கூடிவிடும் என்கிறார்கள். கூடும். எவ்வளவு? தகட்டால் 3 மி.மீ. உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் புள்ளியும் குண்டும் சந்திக்கும்படி சரிசெய்துவிட்டு 5 மீட்டரில் சுட்டால், அந்தக் கூடுதல் உயரத்தால் குண்டு 2.4 மி.மீ. தாழ்வாக விழும். குண்டின் குறுக்களவே 9 மி.மீ. இதைக் காரணம் காட்டி ஒரு ஸ்லைடை வெட்டச் சொல்வது நியாயமா? தாழ்வாக இருந்தால் பழைய இரும்புக் காட்சிகளும் கண்ணாடி வழியே தெரியும் என்பது மட்டும் உண்மையான வசதி. தகடு வைப்பவர்கள் அதற்கு உயரமான காட்சிகளை வாங்க வேண்டியிருக்கும். அது செலவுக் கணக்கு. உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. தகடு வந்தால் ஒரு இணைப்பு இரண்டாகிறது, இரண்டு திருகு நான்காகிறது, கழல இடமும் இரட்டிப்பாகிறது என்பது வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் திருகு எதனால் கழல்கிறது என்று கேட்காமலே சொல்லப்படும் வாதம் இது.

அந்தக் கேள்விக்கு 1969லேயே பதில் வந்துவிட்டது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் திருகுகள் அதிர்வில் எப்படித் தாமாகக் கழல்கின்றன என்று சோதித்து எழுதினார். திருகின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்காக வரும் அசைவுதான் அதைச் சுழற்றி வெளியே தள்ளுகிறது என்று காட்டினார். இறுக்கிப் பிடித்த இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று மிகச் சிறிதளவு வழுக்கினாலும் போதும், மறையின் பிடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விடும். பரப்புகள் வழுக்காதவரை திருகு கழலாது. இன்றும் திருகுகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதை ஸ்லைடுக்குக் கொண்டுவாருங்கள். திருகுகள் மேலிருந்து கீழாக இறங்கியிருக்கின்றன. ஸ்லைடு முன்பின்னாகப் பாய்கிறது. அதாவது ஒவ்வொரு குண்டும் யுங்கர் சொன்ன அதே குறுக்குத் தள்ளலைக் கொடுக்கிறது. தகடு இருந்தாலும் அப்படித்தான், நேரடியாகக் குடைந்தாலும் அப்படித்தான். அதனால் இணைப்புகளை எண்ணுவதில் பயனில்லை. ஒவ்வொரு இணைப்பும் வழுக்காமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆர்.எம்.ஆரை ஸ்லைடில் பூட்ட அதன் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு 12 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.36 நியூட்டன் மீட்டர். திருகின் விட்டம் 3.5 மி.மீ. பட்டறைகளில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, இந்த முறுக்கு ஒரு திருகுக்குச் சுமார் 1,900 நியூட்டன் இறுக்கத்தைத் தரும். இரண்டுக்கும் சேர்த்து 3,800. உலோகத்தோடு உலோகம் உரசும் பிடிப்பைக் குறைத்து 0.15 என்று எடுத்துக்கொண்டாலும், கருவியைக் குறுக்கே வழுக்கச் செய்ய 570 நியூட்டன் விசை வேண்டும். கருவியின் எடை பேட்டரியோடு 34 கிராம்தான். அந்த எடையே அவ்வளவு விசையைக் கொடுக்க வேண்டுமானால், புவியீர்ப்பைப் போல் 1,700 மடங்கு அதிர்ச்சி அதன்மேல் விழ வேண்டும். கையளவில் "போதும்" என்று பாதி முறுக்கில் விட்டால் தாங்கும் அளவும் பாதியாகிவிடும். உராய்வை மீறி வரும் அதிர்ச்சிக்குத்தான் தகட்டிலும் ஸ்லைடிலும் முளைகள் வைத்திருக்கிறார்கள். கருவியின் அடியில் உள்ள குழிகளில் அவை இறுக்கமாக நுழைந்து தள்ளலைத் தாங்க வேண்டும். திருகின் வேலை கீழே அழுத்திப் பிடிப்பது. தள்ளலைத் தாங்குவது முளையின் வேலை, பள்ளத்துச் சுவரின் வேலை. இந்த வேலைப் பிரிவு குலைந்த இடத்தில் எல்லாமே உடையும்.

நேரடி மில்லிங் நல்ல பெயர் வாங்கியதும் இதனால்தான். திறமையான பட்டறைக்காரர் அந்தக் கருவியின் உடலை அளந்து, முன்சுவரும் பின்சுவரும் அதைக் கவ்விப் பிடிக்கும்படி பள்ளத்தை வெட்டுகிறார். திருகு போடும் முன்பே கருவி அசையாது. அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அங்கே வேலை செய்வது கவ்விப் பிடிக்கும் அளவுதான். நடுவில் தகடு இல்லை என்பதால் மட்டும் எந்த உறுதியும் வந்துவிடவில்லை. அதே அளவைத் தகட்டிலும் கொண்டுவரலாம், நல்ல தகடுகளில் கொண்டுவந்தும் இருக்கிறார்கள். தளர்வாக வெட்டிய பள்ளமோ, தகடில்லாமலே கருவியை ஆட விடும்.

எனக்கு அறிவுரை சொன்ன தம்பியின் துப்பாக்கியிலேயே இது நடந்தது. ஒரு பட்டறையில் மில் செய்து வாங்கியிருந்தார். சில மாதம் கழித்து அவருடைய புள்ளியும் நகர்ந்தது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருவருமாகப் பார்த்துவிட்டு, ஸ்லைடைக் கழற்றி, திருகு இரண்டையும் எடுத்தோம். கருவியைப் பள்ளத்தில் வைத்து விரலால் தள்ளினால் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தது. இத்தனை நாளும் இரண்டு சிறு திருகுகள் முளையின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கின்றன. அந்த ஸ்லைடில் தகடே கிடையாது. பழியை எங்கே போடுவது?

மூன்றாவது குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மெல்லிய தகட்டில் மறை குறைவு. ஆர்.எம்.ஆர். வகைத் திருகில் ஒரு மறைச் சுற்றுக்கு 0.8 மி.மீ. ஆகும். 2.4 மி.மீ. கனமுள்ள தகட்டில் மூன்று சுற்றுதான் பிடிக்கும். எஃகில் திருகின் விட்டத்துக்குச் சமமான ஆழமாவது மறை பிடிக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம், அப்படிப் பார்த்தால் நான்கு சுற்றுக்கு மேல் வேண்டும். கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் மறை போய்விடும். தொடக்க காலத் தகடுகள் சிலவற்றுக்குக் கெட்ட பெயர் வந்ததில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மருந்தும் தகட்டிலேயே இருக்கிறது. முளைகளையே உயர்த்தி, அவற்றின் நடுவே மறை போட்டு, திருகு கருவியின் உடலுக்குள்ளேயே பிடிக்கத் தொடங்கும்படி செய்த தகடுகள் கிடைக்கின்றன. கீழிருந்து எஃகு நட்டு வைத்துப் பிடிக்கும் தகடுகளும் உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு மெல்லிய தகட்டின் குறையை இன்றைய எல்லாத் தகடுகள் மீதும் சுமத்துவது என்ன நியாயம்?

முறிந்த திருகுகளின் படங்களைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. முறிந்த திருகு உண்மைதான். ஆனால் இறுக்கமாகப் பிடித்த திருகின்மேல் குறுக்குத் தள்ளல் அநேகமாக விழுவதே இல்லை, உராய்வும் முளையும் அதை வாங்கிக்கொள்கின்றன. முதலில் இறுக்கம் போகிறது, பிறகு கருவி ஆடுகிறது, ஆடி ஆடித் திருகு களைத்து முறிகிறது. நம் கைக்கு வருவது கடைசிக் காட்சி மட்டும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற ரெட் டாட்டை யாரும் படமெடுத்துக் காட்டுவதில்லை.

இறுக்கம் எப்படிப் போகிறது என்பதற்கு என் துப்பாக்கியே சாட்சி. தம்பி சொன்ன அன்று இரவு மேசைமேல் துணி விரித்து எல்லாவற்றையும் கழற்றினேன். அன்று இன்னொன்றும் கவனித்திருந்தேன். முந்நூறு குண்டுக்குப் பிறகு வெற்றுத் தோட்டாக்கள் பழையபடி வலப்பக்கம் பாய்ந்து விழாமல், சோர்ந்து போய் என் காலடியிலேயே விழுந்தன. தோட்டா மட்டமானது என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒரே திருகு.

பெட்டியில் குட்டையும் நெட்டையுமாகத் திருகுகள் வந்திருந்தன. தகட்டை ஸ்லைடோடு பூட்டும் வலப்பக்கத் துளையில் நான் நெட்டையைப் போட்டிருக்கிறேன். என்னுடைய கிளாக்கின் ஸ்லைடில் அந்தத் துளைக்குக் கீழேதான், வெற்றுத் தோட்டாவை இழுத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தும் கம்பி ஓடுகிறது. திருகு அந்தக் கம்பியில் போய் முட்டி நின்றுவிட்டது. டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொன்னது, நானும் சரியென்று விட்டுவிட்டேன். ரெஞ்ச் அளந்தது திருகு கம்பியில் முட்டிய எதிர்ப்பை. தகட்டின் மேல் இறுக்கமே விழவில்லை. அதனால் தகடு இடப்பக்கத் திருகை மட்டும் நம்பி நின்றது, வலப்பக்கம் முந்நூறு முறை மூச்சு விட்டது. வெளியே எடுத்த திருகின் நுனி, தேய்ந்து வெள்ளி போல மின்னியது. போதாததற்கு மறைக்குள் தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருந்தது. திருகுப் பசை எண்ணெயின்மேல் பிடிக்கவில்லை, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது.

தகடு ஒரு கோணலும் இல்லாமல் இருந்தது. பிழை முழுக்க என்னுடையது. நான் அன்று ஸ்லைடை மில்லிங்குக்கு அனுப்பியிருந்தால், புதுத் திருகும் சுத்தமான மறையுமாக ஒரு பட்டறைக்காரர் சரியாகப் பூட்டித் திருப்பி அனுப்பியிருப்பார். புள்ளி அசையாமல் நின்றிருக்கும். "பார்த்தீர்களா, பிளேட்டை எடுத்ததும் சரியாயிற்று" என்று நானும் ஊருக்குச் சொல்லியிருப்பேன். இந்த நம்பிக்கை பரவுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இளவயதில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். "ரெண்டு இரும்பு சேர்ற இடத்துல வெளிச்சம் தெரியக் கூடாதுடா" என்று எங்கள் சார் ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. தகட்டின் அடியில் மார்க்கிங் ப்ளூவை மெல்லிசாகத் தடவி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று நீலம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மூலையில் மட்டும் நீலம் ஒட்டினால், அங்கே பிசிறோ காய்ந்த பசையோ இருக்கிறது என்று பொருள். இது அற்ப விஷயமில்லை. 40 மி.மீ. நீளத் தளத்தின் ஒரு முனை 0.1 மி.மீ. தூக்கினால், அதாவது ஒரு தலைமுடிக் கனம் தூக்கினால், 25 மீட்டரில் புள்ளி ஆறு செ.மீ.க்கு மேல் தவறும். தூக்கியபடியே நிலையாக நின்றால் சரிசெய்துகொள்ளலாம். சுடச் சுட அமுங்கிக்கொண்டே போனால் என்ன செய்தும் பயனில்லை. உயரத்தால் வரும் 2.4 மி.மீ.யைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்த ஆறு செ.மீ.யைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மறுபடியும் பூட்டினேன். மறைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகக் கழுவினேன். குட்டைத் திருகை வலப்பக்கம் போட்டேன். பசை இல்லாமல் ஒருமுறை இறக்கி, எக்ஸ்ட்ராக்டர் தடையின்றி அசைகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன். பிறகு நீல லாக்டைட் ஒரு துளி, சொன்ன முறுக்கு, திருகுத் தலையிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. பசை முழுதாக இறுக ஒரு நாள் விட்டேன். ரேஞ்சில் அதன் பிறகு புள்ளி நகரவில்லை, அந்த வெள்ளைக் கோடும் உடையவில்லை. தகடு அதே தகடுதான்.

நேரடி மில்லிங் ஆதரவாளர்கள் பேசாமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் வெட்டிய பள்ளம் ஒரே ஒரு வகைக் கருவிக்கானது. ஆர்.எம்.ஆர். அளவுக்கு வெட்டியவர்கள் ஏராளம். 2019ல் ஸ்வீடனின் ஏம்பாயின்ட் நிறுவனம், நாலாபக்கமும் மூடிய ஏக்ரோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. மழைத்துளியோ தூசியோ விளக்கை மறைக்க வழியில்லை. அதன் அடித்தளமே வேறு, மேலிருந்து திருகாமல் பக்கவாட்டில் கவ்விப் பிடிப்பது. ஆர்.எம்.ஆர். பள்ளம் வெட்டிய ஸ்லைடில் இதை வைக்க ஆசைப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு அடாப்டர் பிளேட் வாங்கினார்கள். தகடே வேண்டாமென்று ஸ்லைடை வெட்டியவர்கள், வெட்டிய பள்ளத்தின் மேல் தகடு வைத்தார்கள். அதற்கும் முன்பே, ஆர்.எம்.ஆரின் பேட்டரி அடிப்பக்கம் இருப்பதால், நேரடியாகப் பூட்டும்போதும் இடையில் ஒரு மெல்லிய சீலிங் பிளேட் வைக்கும் வழக்கம் இருந்தது. நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்ற விதியை அந்த விதிக்காரர்களே கடைப்பிடித்ததில்லை.

2023ல் வந்த ஸ்பிரிங்ஃபீல்டு எஷலானைச் சிலர் எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள். தகடில்லாமல் பலவகைக் கருவிகளை ஏற்கும் துப்பாக்கி அது, தகட்டின் காலம் முடிந்தது என்கிறார்கள். அருமையான வடிவமைப்புதான். அதில் மாற்றிப் போடும் ஊசிமுளைகள் இருக்கின்றன. திருகை இறுக்க இறுக்க அவை விரிந்து கருவியைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கின்றன. நல்ல தகடு செய்யும் வேலையும் இதுதான். எஷலான் எந்த ஒரு கருவிக்கும் நிரந்தரமாக வெட்டப்படவில்லை, அந்த வகையில் அது என் பக்கம்தான் பேசுகிறது.

ஒரே துப்பாக்கி, ஒரே கருவி, இனி மாற்றப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர், வேலை தெரிந்த பட்டறையைக் கண்டுபிடித்து மில் செய்துகொள்ளட்டும். குறை சொல்ல மாட்டேன். உடம்போடு துப்பாக்கியைச் சுமந்து திரிகிற வேலையில் இருப்பவர்களின் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களிடமும் இதையே சொல்வேன்: 2019ல் அமெரிக்க சுங்க, எல்லைக் காவல் துறை தன் ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுத்த கிளாக் 47 ஒரு எம்.ஓ.எஸ். துப்பாக்கி, தகடு வைக்கும் பள்ளத்தோடு வந்தது. தகடு என்றாலே விளையாட்டுப் பொருள் என்று பேசுகிறவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

தம்பியின் ஸ்லைடு இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறது. தளர்ந்த பள்ளத்தை ஒட்டுப்போட முடியாது. இன்னும் அகலமாக வெட்டி, தகடு வைக்கும்படி மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் புள்ளி நகர்ந்தால், ஸ்லைடை யாரிடமும் அனுப்பும் முன் வலப்பக்கத் திருகை வெளியே எடுத்து அதன் நுனியைப் பாருங்கள்.